படி ஏறு, பிணி இறங்கும்

விளக்குகளை அணைத்துவிட்டு நான் படத்தைத் திரையில் போட்டேன்.

ஒரே ஒரு கோடு. இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் வரவர இறங்கியது. எங்கள் பல்கலைக்கழகத்தின் நோய்த் தடுப்பு ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களின் சராசரி ரத்த அழுத்தம்.

பேராசிரியர் அதைப் புதிதாகப் பிறந்த பேரப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மருந்து இல்ல, மாத்திரை இல்ல. லிஃப்ட்டப் பூட்டினோம். தினமும் காலையில நாலு மாடி ஏறி வாங்க, மேல வந்ததும் பரிசோதனைன்னு சொன்னோம். அவ்வளவுதான். நம்ம படி ஏறுனவங்கள்ல ஒருத்தர்கூட ஆஸ்பத்திரிப் படி ஏறல!"

நான்காம் மாடியே அதிரும்படி கைதட்டினார்கள். அதிக நேரம் தட்டியவர் சிறப்பு விருந்தினர். அவருக்கு முழங்கால் வலி. அதனால் காலையில் அவருக்காக மட்டும் லிஃப்ட்டைத் திறந்து மூடியிருந்தார்கள்.

கீழே அந்த லிஃப்ட் கதவில் ஒரு சுவரொட்டி உண்டு. கால் முளைத்த சிவப்பு இதயம் ஒன்று சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறும். 'படி ஏறு, பிணி இறங்கும்' என்று அதன் தலைக்கு மேல் எழுதியிருக்கும். வாசகம் பேராசிரியருடையது. அதற்கு ஒரு பரிசுகூட வாங்கிவிட்டார்.

அந்தச் சுவரொட்டிக்கு அடியில், நாற்காலியில், காலையிலிருந்து ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

பாதம் இரண்டும் வீங்கி, செருப்பு வாரைப் போட முடியவில்லை. முதல் வளைவு வரை ஏறிப் பார்த்து, மூச்சு வாங்கி, கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பி வந்திருந்தார். ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களை இன்று இருதய மருத்துவர் ஒருவர் நான்காம் மாடியில் பார்க்கிறார். இன்றும் மேலே வராதவர்களின் பெயரை எடுத்துவிடுவார்கள்.

மருத்துவரைக் கீழே அனுப்பும்படி பேராசிரியரிடம் காலையிலேயே கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒருவர்தான், ஐந்து நிமிடம் போதும் என்றேன்.

"இறங்கிப் போய்ப் பாத்தா அது ஆராய்ச்சி இல்லம்மா, தர்மம்" என்றார்.

தர்மம் என்பதை ஏதோ தொற்றுநோயின் பெயரைப்போலச் சொன்னார்.

பகலில் இங்கே உதவியாளர் வேலை; மாலைக் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறேன். வகுத்தலில் இன்னும் தப்பு விடுபவள். எனவே கோட்டைப் பார்த்துச் சந்தேகம் வந்தபோது முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். ஒவ்வொருவரின் அளவையும் தனித்தனியாக எடுத்து, முதலிலிருந்து கூட்டிப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

யாருடைய அழுத்தமும் இறங்கவில்லை. அதிகம் இருந்தவர்கள்தான் வரவரப் படி ஏறவில்லை.

இத்தனை முனைவர்கள் நிறைந்த அறையில் இது என் கண்ணுக்கு மட்டும் தெரியுமா என்ன? எங்கோ தப்பு விட்டிருப்பேன். ஆனாலும் கைதட்டல் அடங்கியதும் என் வாய் திறந்துவிட்டது.

"சார், ஏற முடியாம நின்னுபோனவங்கள இதுல சேக்கலையே?"

பேராசிரியருக்குக் கோபம் வரவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல முகம் மலர்ந்தார்.

"நல்ல கேள்வி. சோம்பேறிங்கற பேருக்குள்ளயே ஒரு 'ஏறி' இருக்கு. ஆனா பாருங்க, அவங்கதான் ஏற மாட்டேங்கறாங்க!"

அறை குலுங்கியது. விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிஸ்கட்டும் வாயுமாக இருந்த இருதய மருத்துவருக்குப் புரையேறிவிட்டது. உடனே ஆளாளுக்கு ஓடினார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார், ஒருவர் தலையைத் தட்டினார், பேராசிரியரே முதுகைத் தடவிவிட்டார். நோய் தீர்ப்பதில் அந்த அறை அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

அந்தச் சந்தடியில் நான் கீழே இறங்கினேன்.

நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பற்றி மேலே பேச்சே எடுக்காதே, உன் வேலைக்கு ஆகாது என்று காலையில் என்னிடம் படித்துப் படித்துச் சொன்னவர். இப்போதும் மருத்துவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கைதட்டுற சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. நீ போட்ட படத்துக்கா பாப்பா?"

"ஆமாம்ப்பா."

வீங்கிய முகத்திலும் அந்தப் பெருமை தெரிந்தது.

"எழுந்திருங்கப்பா. நாம ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்."

அப்பா லிஃப்ட் கதவில் கையை ஊன்றி எழுந்தார். சிரிக்கும் இதயம் அவர் உள்ளங்கைக்கு அடியில் மறைந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து, தயங்கிக் கேட்டார்.

"அங்க எத்தனை படிம்மா?"