கம்பிக்குத் தொப்பை

"திரை மேல பட்டுடுத்து. போச்சு, மறுபடியும் குளிக்கணும்."

திரைக்குள்ளேயிருந்து குரல் வந்தது. அன்று காலையில் ரங்கம்மாவுக்கு அது மூன்றாவது குளியல்.

விஜயநகரில் அந்த வாடகை வீட்டின் ஷவர் என்பது, பிளாஸ்டிக் திரை போட்டு மறைத்த இரண்டரை அடி இடம். தண்ணீரைத் திறந்ததும் திரை உள்ளே வந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும். எல்லாரும் குளிக்கும் திரை பட்டால் மடி என்கிற ஆசாரச் சுத்தம் போச்சு, மடி போனால் தளிகை பண்ண அடுப்படியில் நுழையக் கூடாது என்பது ரங்கம்மாவின் சட்டம். குடிவந்து ஆறு மாதமாக அவர் நுழையவில்லை.

சமைத்தது மருமகள் ஸ்ரீவல்லி. உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கியது மாமியார்.

"இதுக்குப் பேர் சாத்தமுதா? கை அலம்பின ஜலத்துல மிளகைப் போட்டாப்பல இருக்கு. எங்காத்துக்காரர் கோயில் மடப்பள்ளில முப்பது வருஷம் இருந்தவர். எங்காத்துப் புளியோதரைன்னா மேலுக்கோட்டையே வாசல்ல நிக்கும், தெரியுமோ?"

புளியோதரைப் பேச்சு வந்தாலே மகன் வாசுதேவ் தட்டிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டான்.

ஒருநாள் போனில் ரங்கம்மா பேசியது கூடம் முழுக்கக் கேட்டது. "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்கோ. மாட்டுப்பொண் சமையலைத்தான் சாப்பிட்டாகணும், என்ன பண்றது. இந்தத் திரை மட்டும் இல்லேன்னா நானே என் கையால புளியோதரை பண்ணிப் போட்டிருப்பேன்."

பத்துப் பேர் முன்னால் தலை குனிய ஸ்ரீவல்லிக்கு மனசில்லை. குளியலறை ரிப்பேர் வேலை செய்யும் கொள்ளேகால்காரர் சென்னப்பனைக் கூப்பிட்டாள்.

அவர் திரை தொங்கிய நேர்க்கம்பியைக் கழற்றிவிட்டு, வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்த கம்பியை மாட்டினார். திரை உள்ளே பறந்து வராதபடி கனத்துக்காக அதன் அடி ஓரத்தில் காந்தம் தைத்தார்.

"செவுத்த இடிக்க வேண்டாமுங்க. கம்பிக்குக் கொஞ்சம் தொப்பை வெச்சா முக்கால் அடி எடம் கெடைக்குமுங்க."

"என் பிள்ளைக்குந்தான் தொப்பை இருக்கு. என்ன இடம் கெடைச்சுது?" என்றார் ரங்கம்மா. "ஒண்ணும் உபயோகமில்லை. பழைய கம்பியையே மாட்டிட்டுப் போப்பா."

சென்னப்பன் மாட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து உறவு வந்து இறங்கியது. ரங்கம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி முதலில் குளித்துவிட்டு வந்து கூடத்தில் அறிவித்தாள்.

"கையை வீசிண்டு குளிச்சேன் அக்கா. திரை எங்கேயும் படலை. இன்னிக்கு உன் கைப் புளியோதரைதான், சொல்லிட்டேன்."

ரங்கம்மா உள்ளே போனார். முக்கால் மணி நேரம் தண்ணீர் ஓடியது. கதவுக்கு வெளியே தங்கை காத்துக்கொண்டிருந்தாள். 'பட்டுடுத்து' என்ற குரல் மட்டும் வரவேயில்லை.

மடிப்புடவையோடு அவர் அடுப்படிக்கு வந்தபோது புளி, வெல்லம், எள், கடலைப்பருப்பு எல்லாம் மேடையில் வரிசையாக இருந்தன. மடியில் இருப்பவரைத் தொடக் கூடாது என்று ஸ்ரீவல்லி தள்ளி நின்று, கரண்டியை மேடையில் வைத்தாள்.

"எல்லாம் எடுத்து வெச்சிருக்கேம்மா. நான் வெளியில இருக்கேன். என் கை பட்டா ருசி கெட்டுடும்."

அவள் திரும்பினாள். ரங்கம்மா எட்டி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். மடி போனதை அவர் கவனிக்கவேயில்லை.

கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா ஸ்ரீவல்லி, புளியோதரைக்கு மொதல்ல என்ன பண்ணணும்?"