அடுத்த தடவ நீ

“கோட்டை எங்கத்தா ஓடிப் போகப் போகுது? அஞ்ஞூறு வருசமா அங்கனயேதான நிக்கிது. அடுத்த தடவ நீ போயிப் பாரு” என்றாள் அன்னக்கொடி, பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே.

மருமகள் மணிமேகலைக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? கல்யாணமாகி ஆறு வருஷம். அதில் புருஷனோடு இருந்தது கூட்டிப் பார்த்தால் ஆறு மாசம் தேறாது.

புருஷன் கோகுல்ராஜ் மலேசியாவில், மலாக்கா ஊரில் ஓட்டல் மாஸ்டர். “பாஸ்போர்ட் எடு புள்ள, இங்க போர்த்துகீசியன் கட்டுன கோட்டை இருக்கு. ஒன்னயக் கூட்டியாந்து சுத்திக் காட்டுறேன்” என்று அவன் சொன்னதை நம்பி, மதுரைக்கு நாலு நடை நடந்தாள். கடைசியில் டிக்கெட் யார் பேருக்கு வந்தது? துணைக்கு வந்த இடத்தில் தானும் ஒரு பாஸ்போர்ட் எடுத்துக்கொண்ட மாமியார் பேருக்கு!

போனில் கேட்டதற்கு, “ஆத்தாவுக்கு வயசாகுதுல்ல, கால் நடக்கும்போதே ஒருக்காப் பாத்துட்டு வரட்டும்” என்றான். பெத்த தாய் என்று சொன்ன பிறகு என்ன பேசுவது?

சொந்த ஊர் கூக்காலுக்குப் பக்கத்தில் இருக்கிற கொடைக்கானல் ஏரியைக்கூட முழுசாய்ச் சுற்றிப் பார்க்காதவள் அன்னக்கொடி. அறுபது வயசில் அப்படி என்ன கோட்டை ஆசையோ!

ஆனாலும் மனசு கேட்கவில்லை. காட்டில் விளைந்த மலைப்பூண்டில் பெரிசு பெரிசாய்ப் பொறுக்கி இரண்டு கிலோ கட்டினாள். “இன்னொரு கிலோ போடுத்தா” என்ற அத்தை, துவைத்து மடித்த பழைய நூல் சேலைகள் நாலையும் உள்ளே திணித்தாள்.

“பழைய சேலை எதுக்கு அத்தை?”

“ஓட்டல் அடுப்படில கைப்பிடித் துணிக்கு ஆகும்ல.”

பெருமாள்மலை வரை கூடவே போய், “வெரசா வந்துருங்க” என்று பஸ் ஏற்றிவிட்டு வந்தாள் மேகலை.

பத்து நாள் என்று போனவள், மாசம் ஒன்றாகியும் திரும்பவில்லை. காட்டுச் சோலி மொத்தமும் மேகலை தலையில். கோட்டையைப் பார்த்தீர்களா என்று போனில் கேட்டால் அத்தை ஒருநாள் மழை என்பாள், ஒருநாள் மூட்டுவலி என்பாள்.

மேகலைக்குப் பொறுக்கவில்லை. “ரெண்டு பேருஞ் சேந்து என்னைய ஏமாத்திட்டீங்க! எனக்கு வர வேண்டிய டிக்கெட்டுல போயிட்டு, வீட்டுக்குள்ள உக்காந்து என்னதான் செய்றீங்க?” என்று போனில் வெடித்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வீடியோ கால் வந்தது. வெயிலில் வேர்த்து வழிய அத்தை, பக்கத்தில் சிரித்த முகமாய்க் கோகுல்ராஜ், பின்னால் கருத்துப்போன ஒரு கல் வாசல்.

“நல்லாப் பாத்துக்கத்தா. கோட்டை கோட்டைன்னானுக, ஒத்த வாசல்தான் மிச்சம் கெடக்கு. இதுக்குப் போயா அழுத?”

மேகலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சே, வயசான மனுஷியை இத்தனை நாள் கரிச்சுக் கொட்டினோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

“நீங்க பாத்ததே போதும் அத்தை. மாமா, அடுத்த தடவ நான்தான், ஆமா!”

“நீயேதான் புள்ள” என்று கையசைத்த கோகுல்ராஜ், போனைத் தாயிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தான்.

“வச்சிர்றேன்த்தா” என்ற அன்னக்கொடிக்கு வைக்கத் தெரியவில்லை. போனை அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டாள். திரை இருட்டாகி, சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

மேகலை சிரித்துக்கொண்டே கட் பண்ணப் போனாள். அப்போது அந்தப் பக்கம் ஒரு இளம்பெண்ணின் குரல் கேட்டது.

“பேசி முடிச்சாச்சா அத்தை? இந்தாங்க, உங்க பேரனைப் பிடிங்க.”