முப்பத்தோராவது வரி

நாற்பத்தேழு வரி. அவள் ஐந்தாகச் சுருக்கிவிட்டாள்.

மாலைப் பொறுப்பு யாருக்கு என்று தினமும் சொல்லும் நிரல் அது. பெயர் வருகிறவர் பத்து மணி வரை அலுவலகத்தில் இருக்க வேண்டும். குழுவில் ஒன்பது பேர்.

பழைய நிரல் ஒரு லூப், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சந்தேகப் பிராணி. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்தும். லீவா என்று பார்க்கும். நேற்று இருந்தாரா என்று பார்க்கும். அடுத்தவரிடம் போகும்.

அவளுடைய ஐந்து வரியோ ஒரு குவெரி, தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரே கேள்வி. அது யாரையும் துருவாது. லீவில் இல்லாதவர்களில், பொறுப்பு பார்த்து அதிக நாளானவரைத் தா. அவ்வளவுதான். வேண்டியதைச் சொன்னால் போதும், எப்படி என்பது அதன் பாடு.

அவளுக்கே பெருமையாக இருந்தது. டீ வாங்கி வந்து வைத்துக்கொண்டு, இரண்டையும் மூன்று வருடத் தேதிகளில் ஓட்டி ஒப்பிட்டாள். ஒரே பெயர்கள் வர வேண்டும்.

வரவில்லை.

பிசகியதெல்லாம் வியாழக்கிழமை. குவெரி அவள் பெயரைச் சொன்ன இடங்களில் லூப் வேறு யாரையோ சொல்லியிருந்தது.

லூப்பை இந்த முறை வரி வரியாகப் படித்தாள். முப்பத்தோராவது வரி. பணியாளர் எண் 38, கிழமை வியாழன் என்றால் தாண்டிப் போ.

முப்பத்தெட்டு அவள்தான்.

ஏன் என்று ஒரு குறிப்பும் இல்லை. மாற்றங்களின் பதிவில் எழுதியவர் பெயர் எபநேசர், குழுவின் தலைவர். தேதி, மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூன். பக்கவாதம் வந்த அப்பாவை வியாழன்தோறும் மாலையில் பிசியோதெரபிக்கு அவள் கூட்டிப்போகத் தொடங்கிய வாரம்.

அந்தக் கிழமையில் தன் பெயர் வராததை அதிர்ஷ்டம் என்றே நினைத்திருந்தாள். அம்மா குரு பகவானுக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்தினாள். குரு பார்க்கக் கோடி நன்மை என்றாள்.

பார்த்தவர் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார். வாயே திறந்ததில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இன்று செவ்வாய். எபநேசர் பெயர் வந்திருந்தது. செவ்வாய் மாலைகளில் மகளைப் பேச்சுப் பயிற்சிக்கு அவர்தான் கூட்டிப்போவார். மாற்றிக்கொள்ள முடியுமா என்று காலையிலிருந்து மேசை மேசையாகக் கேட்டுவிட்டார். போன முறையும் யாரும் கிடைக்கவில்லை.

தன் எண்ணுக்கு ஒரு வரி எழுதிக்கொள்ள மனிதருக்குத் தோன்றவில்லை. அல்லது மனம் வரவில்லை.

அவள் ஆறாவது வரியைச் சேர்த்தாள். அவரவருக்குத் தேவையான ஒரு மாலையை அவரவருக்கு விட்டுவிடு.

ஒன்பது பேருக்கும் பொது. ஒளிவுமறைவு இல்லை. அதற்கென ஒரு பட்டியல் போட்டாள். எபநேசர், செவ்வாய். தன் பெயருக்கு எதிரே எதுவும் எழுதவில்லை.

ஓட்டிப் பார்த்தாள். இன்றைய மாலைக்கு அவள் பெயரே வந்தது. நிறைவாக இருந்தது.

எபநேசர் பார்வைக்கு அனுப்பினாள்.

வெகு நேரம் படித்தார். ஆறு வரிக்கு அது அதிகம்.

பிறகு எழுந்து வந்து, அவளுடைய வியாழக்கிழமையைக் காணோமே என்று மெல்லக் கேட்டார்.

"அப்பா இப்ப டீக்கடைக்குத் தனியாவே நடந்து போறாரு."

அவர் தலையாட்டினார்.

மணி ஐந்து பத்து. பையை எடுத்துக்கொண்டார்.