அவுட்பாக்ஸில் நின்ற மன்னிப்பு

வீட்டாரை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்ட மெர்லின், பெண் குழந்தை பிறந்த பிறகு, மஸ்கட்டில் இருக்கும் அண்ணனுக்கு மன்னிப்புக் கேட்டு அலுவலகக் கணினியிலிருந்து மெயில் எழுதினாள். குழந்தையின் படத்தையும் சேர்த்திருந்தாள். நான்கு மாதமாகப் பதிலே இல்லை. இனி தனக்கு அண்ணன் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இன்று அவள் கணினியைச் சரிபார்த்த அலுவலகத் தோழி சுகந்தி, "என்ன மெர்லின், இந்த மெயில் போகவே இல்லியே! போட்டோ ரொம்பப் பெருசு. அவுட்பாக்ஸ்லயே கெடக்கு" என்றாள்.

"அப்போ அண்ணன் இத படிக்கவே இல்லியா?"

மெர்லின் வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை நாள் அவன்மேல் வைத்திருந்த கோபத்துக்கு வெட்கமாகவும் இருந்தது. படத்தைச் சிறிதாக்கி மறுபடி அனுப்பினாள்.

மதியச் சாப்பாட்டுக்கு எழுவதற்குள் பதில் வந்துவிட்டது. ஒரே வரிதான்.

"மருமவளுக்கு என்ன பேரு வச்சிருக்க?"