வழவழப்பான இடம்

"நம்பர்?"

இந்தக் கடையிலும் அதே கேள்வி.

அவள் துணியைப் பிரித்துக் காட்டினாள். கிரீஸ் அப்பிய பழைய பேரிங். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று வெறும் இரும்பு.

"நம்பர் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதுங்க்கா."

கடைக்காரன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வியாபாரம் பண்ணுகிற மூஞ்சியைப் பார்.

தீபாவளி நேரம். அவளுடைய மாவு மில் திங்கட்கிழமை பேரிங் போய் நின்றது. முறுக்குக்கு அரிசி காயவைத்த தெரு முழுக்க, தூக்குவாளியோடு அவள் வாசலைத் தாண்டி சுப்பையன் மில்லுக்குப் போகிறது. சுப்பையன் பெண்டாட்டி வேண்டுமென்றே ரோட்டில் நின்று வரவேற்கிறாள். இப்படியே போனால் தீபாவளியும் போச்சு, மில்லும் போச்சு.

மெஷின் விற்ற கம்பெனியிலிருந்து சர்வீஸ் ஆள் முகுந்தன் வந்தான். பார்த்தான். உச்சுக் கொட்டினான்.

"இது ஸ்பெஷல் பேரிங்க்கா. நம்பரே கிடையாது. எங்க கம்பெனியில மட்டுந்தான் கிடைக்கும். தீபாவளி கழிஞ்சுதான் வரும்."

ஸ்பெஷலாம். அவனும் அவன் இன் பண்ணின சட்டையும்.

லேத் பட்டறைக்காரர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. யாரோ இரும்பு தேய்க்கிற கிரைண்டரில் பிடித்து நம்பரை அழித்திருக்கிறார்கள். உள்வட்டம், வெளிவட்டம், அகலம் மூன்றையும் வெர்னியர் ஸ்கேலில் அளந்தால் நம்பரைக் கண்டுபிடித்துவிடலாம். நம்பர் தெரிந்தால் எந்தக் கடையிலும் வாங்கலாம்.

அளந்து பார்க்கத்தான் இந்தக் கடைத்தெருவில் ஒருத்தனுக்கும் உடம்பு வணங்கவில்லை.

தெருக்கோடியில் ஞானதாஸ் கடை.

பெரியவர் நம்பர் கேட்கவில்லை. பேரிங்கைக் கையில் வாங்கினார். வழவழப்பான இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். திரும்பி ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்.

"6306. சாதாரண பேரிங்தானுங்கம்மா."

அப்பாடா! ஊரில் ஒரு மனுஷனாவது தொழில் தெரிந்தவர். அவளுக்குக் கும்பிடலாம் போலிருந்தது.

பர்ஸைத் திறந்தவள் நிறுத்தினாள்.

வெர்னியர் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை.

"அளக்காம எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"டீ சாப்புடறீங்களாம்மா?"

உள்ளே, திரைக்குப் பின்னால், கிரைண்டர் கிர்ரென்றது.

ஃபேன் காற்றில் திரை விலகியது. தட்டு நிறையப் பேரிங். ஒரு பக்கம் நம்பரோடு. இன்னொரு பக்கம் வழவழவென்று. பக்கத்தில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளில் முகுந்தன் கம்பெனியின் பெயர்.

தூ.

மனதுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தாள். பெரியவர் தலை குனிந்துகொண்டது.

டப்பாவை ஒற்றை விரலால் அவர் பக்கமே தள்ளினாள். துணியைச் சுருட்டினாள். படி இறங்கினாள்.

முந்தைய கடை. முந்தைய மூஞ்சி.

"நம்பர்?"

"6306."

முகத்தில் விட்டெறிந்த மாதிரி சொன்னாள். அப்போதுதான் அவன் போனிலிருந்து நிமிர்ந்தான்.

சாயங்காலம் மில் ஓடியது.

தெருவாசிகள் தூக்குவாளியோடு திரும்பி வரத் தொடங்கினார்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி. வெட்கங்கெட்ட ஜனம். அரைத்துக் கொடுத்தாள்.

கூட்டம் வடிந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். வாசல் போர்டில் தன் பெயரை விடப் பெரிதாக, சிவப்பு பெயிண்டில் எழுதினாள்.

மாவு மெஷின் பேரிங் நம்பர் 6306. எந்தக் கடையிலும் கிடைக்கும்.

முகுந்தன் வந்து பார்க்கட்டும். வயிறெரியட்டும்.

எதிர்ப்பக்கம் யாரோ நிற்பது தெரிந்தது. சுப்பையன் பெண்டாட்டி. அண்ணாந்து, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் மில்லிலும் அதே கம்பெனி மெஷின்தான். போலீஸ் ஸ்டேஷன் வரை போன சண்டைக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

அழித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நாளைக்கு அவர்கள் மெஷின் நின்றால், அந்தத் தெருவும் இங்கேதான் வரும்.

"கடைசியில இருக்கறது ஆறா, எட்டா?"

தயங்கித் தயங்கி வந்தது குரல்.

அவள் திரும்பவில்லை.

"ஆறு. கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?"

சொல்லிவிட்டு, பிரஷை டப்பாவில் முக்கி, அந்த ஆறின் மேல் இன்னொரு தடவை அழுத்தி ஓட்டினாள்.