நிரம்பிவிட்ட நான்கு சதவீதம்

ஊராட்சி ஒன்றியத்தின் மக்கள்தொகையில், ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்த ஒடியாக்காரர்கள் நான்கு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கபிதாவின் மகள் பிறந்தபோது அந்தக் கணக்கு நிரம்பியிருந்தது.

"உங்க ஆளுகள்ல யாராச்சும் செத்தாத்தான் பாப்பா பேர ஏத்த முடியுங்க," என்றார் பதிவு எழுத்தர்.

"அதுவரைக்கும் தடுப்பூசி?"

"பதியாத குழந்தைக்கு எப்படிங்க போடறது?"

கபிதா ஆரஞ்சு வாங்கிக்கொண்டு, நூல்மில் குடியிருப்பில் நுரையீரல் நோயோடு படுத்திருந்த, அவளைப்போலவே ஒடியாக்காரரான பன்சிதர் மாமாவைப் பார்க்கப் போனாள். உடம்பு எப்படி என்று விசாரிப்பதில் தப்பில்லையே என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அங்கே வாசலில் ஏற்கெனவே மூன்று பெண்கள் கைக்குழந்தையோடும் ஆரஞ்சுப் பையோடும் நின்றிருந்தார்கள்.

மாமா கட்டிலிலிருந்து சிரித்தார். "வா புள்ள. இன்னிக்கு ரெண்டு இட்லி தின்னுட்டேன், மன்னிச்சுக்க."

அந்த இட்லியின் மேல் தனக்கு வந்த கோபத்தை, குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல் குனிந்து கபிதா மறைத்துக்கொண்டாள்.