சாங்கோவின் முகம்

"கட்டம் கட்டமாத் தெரியுதே" என்றாள் ரோசிட்சா.

தெரியத்தான் செய்யும். ஏழு வருஷத்துக்கு முன்னால் போனில் வந்த படம். அவளும் அவள் புருஷன் சாங்கோவும் டான்யூப் ஆற்றங்கரையில் நிற்கிறார்கள். அதில் சாங்கோவின் முகம் ஒரு பருப்பு அளவு. அதை உள்ளங்கை அளவுக்கு இழுத்தால் முகமா வரும்? டைல்ஸ் ஒட்டிய குளியலறைச் சுவர் மாதிரிதான் வரும்.

செத்தவன் மேல் பொறாமைப்படுவது அசிங்கம் என்று கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கெனாதிக்குத் தெரியும். தெரிந்தும் பட்டுக்கொண்டுதான் இருந்தான்.

பள்ளிக்கூடத்தில் ரோசிட்சா அவனுக்குப் பக்கத்து இடம். பிறகு ஒரு லாரி மெக்கானிக் வந்து அவளைக் கட்டிக்கொண்டான். கட்டிக்கொண்டவன் வேறு ஊருக்காவது போயிருக்கலாம். கெனாதியின் வீட்டுக்கு நேர் மேல் வீட்டுக்குக் குடிவந்தான். முப்பது வருஷமாக அவன் நடக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கெனாதி சாப்பிட்டிருக்கிறான்.

நாளைக்குச் சாங்கோ செத்து நாற்பதாம் நாள். ஊர் வழக்கப்படி கட்டடத்து வாசற்கதவிலும், பஸ் நிறுத்தத்திலும், சாங்கோ வேலை பார்த்த பட்டறைச் சுவரிலும் அவன் முகத்தோடு புது அஞ்சலித் தாள் ஒட்டியாக வேண்டும். இறந்த அன்று ஒட்டியது அடையாள அட்டைப் படம். போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறான் என்று கீழ்வீட்டுக்காரி சொன்னது ரோசிட்சாவின் காதில் விழுந்துவிட்டது. சாங்கோ கேமராவைக் கண்டால் ஓடுகிறவன். வேறு படம் கிடையாது.

"இதுல சிரிக்கிறாரு பாரு. எனக்கு இந்தச் சிரிப்புதான் வேணும். எடுத்தவங்ககிட்ட பெரிசா இருக்குமாமே, மருமகன் சொன்னான். யாரு எடுத்தாங்கன்னே தெரியல கெனாதி. அன்னிக்கு நம்ம கட்டடத்து ஆளுங்க எல்லாருமே அங்க இருந்தாங்க, ஆளுக்கொரு போனு. யாரோ நாத்தனாருக்கு அனுப்பி, அவ எனக்கு அனுப்பினா."

"இப்பப் போய் யாருகிட்டன்னு தேடுவ" என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முகங்களைத் தானாகவே தெளிவாக்குகிற புது மென்பொருள் ஒன்று இருந்தது. அதில் போட்டான். நிமிஷத்தில் ஒரு முகம் வந்தது. நல்ல கண், வரிசையான பல், சினிமாக்காரன் களை.

"அழகாத்தான் இருக்கான்" என்றாள் ரோசிட்சா. "ஆனா என் புருஷன் இல்ல."

கெனாதிக்கு உள்ளே ஒரு அற்ப சந்தோஷம். முடியாது என்று சொல்லிவிடலாம். போலீஸ் தேடுகிற அதே முகம் இன்னொரு முறை ஊரெல்லாம் தொங்கட்டும்.

ஆனால் அவள் போகவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவனால் ஆகாதது ஒன்று இருக்க முடியுமா என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்த நம்பிக்கையை அவனால் தாங்க முடியவில்லை.

குறுக்கு வித்தையெல்லாம் விட்டான். நிறத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினான். கட்டங்களின் விளிம்பைக் கரைத்து, மேலே பொடிமணல் தூவியது போல் புள்ளி சேர்த்தான். முகத்தைத் தீப்பெட்டி அளவுக்கு மேல் விடவில்லை. பளபளப்பில்லாத சொரசொரத் தாளில் அடித்தான். கிட்டத்தில் ஒன்றுமில்லை. இரண்டடி தள்ளிப் பிடித்தால் மீதியைக் கண்ணே வரைந்துகொள்கிறது.

ரோசிட்சா தள்ளித்தான் பிடித்தாள்.

"இவருதான்" என்றாள்.

கெனாதியை அவள் ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை. காகிதத்தைப் பார்க்கிறாள்.

தாள்களை அணைத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்குக் கல்லறைக்கு வா. அவருக்குப் படைக்கிற அவிச்ச கோதுமையில உனக்குன்னு எடுத்து வைக்கிறேன். அவரு உன்ன ரொம்ப நல்லவன்னுதான் சொல்லுவாரு."

அவள் படியேறி மூன்றாம் மாடியில் தன் வீட்டுக் கதவைச் சாத்துகிற வரைக்கும் கெனாதி அசையவில்லை. பிறகு கணினியில் பெயர் வைக்காத ஒரு கோப்பைத் திறந்தான்.

அதே ஆற்றங்கரை. அதே நிமிஷம். திரை கொள்ளாத பெரிய படம், அவனே எடுத்தது. ரோசிட்சாவின் இமைமயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

அவள் மட்டும்தான் இருந்தாள். நாத்தனாருக்குச் சின்னதாக ஒன்றை அனுப்பிவிட்டு, அன்றைக்கே சாங்கோ நின்ற இடது பாதியை வெட்டி, வெட்டியதையே சேமித்து, மூலத்தை அழித்திருந்தான். எங்கே தேடினாலும் இனி அந்தப் பாதி கிடைக்காது.

அவள் தோள்மேல் நாலு விரல் இருந்தது. மோதிரத்தின் கீறல்கூடத் தெளிவு. நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு.

தோளும் சேர்ந்து போய்விடுமே என்றுதான் அந்த நாலு விரலை மட்டும் விட்டு வைத்திருந்தான்.